எதிர்க்கடை ரோல்

மூன்றாவது முறையும் வினைல் ஸ்டிக்கர் தாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுருங்கி, உள்ளே சிக்க, பிரிண்டர் கத்துகிறது. தனுஜா அதைக் கிழித்தெடுக்கிறாள். காயாத பச்சை மை விரல்களில் ஒட்டுகிறது. ரோலைச் சிமெந்துத் தரையில் நிறுத்தி வைத்தது அவள்தான். அட்டன் மழையில் அடியோரம் ஈரம் குடித்து அலையலையாக நெளிந்து கிடக்கிறது. புது வீட்டு வரிசையின் பெயர்ப்பலகையில் ஒட்டும் எழுத்தை வாங்கிப்போக வட்டவளையிலிருந்து வந்திருக்கும் யோகேஸ்வரன், "பதறாதீங்கம்மா, அடுத்த பஸ்ல போறேன்" என்கிறார். பலகை நட்டுவிட்டால் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும் தபால் இனி வீட்டுக்கே வரும். அப்போது எதிரே அச்சுக்கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானா, பொலித்தீன் சுற்றிய ரோலைத் தோளில் சாய்த்தபடி மழையோடு ரோட்டைக் கடந்து வருகிறார். "ஒங்கட மெசின் கத்துறது எங்கட கடைக்கே கேக்குது, தங்கச்சி. அந்தப் பக்கம் புடிங்க." அந்த ரோலின் இரண்டு ஓரங்களையும் இருவரும் சமமாக இழுத்துப் பிடிக்க, உருளைகள் கவ்விக்கொள்கின்றன. பச்சை எழுத்துகள் கோணாமல் இறங்குகின்றன. "காந்தள் வீதி" என்று யோகேஸ்வரன் மெல்ல வாசித்துப் பார்க்கிறார். தனுஜா நன்றி சொல்லத் திரும்புவதற்குள் நானா ரோட்டில் இறங்கிவிட்டார். அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், பாதி வேலையில் ரோல் கழற்றப்பட்ட அவருடைய பிரிண்டர் வாய் திறந்தபடி நிற்கிறது.