இடது கால்

சினிமாவில் ஒருவன் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கெல்லாம் மனு எழுதுகிற காலமாகிவிட்டது. முடிதிருத்தும் கடையில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எரிச்சலாக வந்தது. பின்னால் பெஞ்சில் இரண்டு இளைஞர்கள் அரை மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“அஞ்சாம் பாகத்துல ஹீரோ நொண்ட மாட்டானாம். டைரக்டர் ஒத்துக்கலேன்னா படக் கம்பெனி அவரையே மாத்திடுமாம்,” என்றான் கண்ணாடிக்காரன்.

“மாத்தட்டுமே. ஹீரோன்னா நிமிர்ந்து நடக்கணும்டா,” என்றான் தாடிக்காரன்.

“இடது காலை இழுத்து, வலது தோளை இறக்கி நடப்பானே, அதுதான்டா அவன். விபத்துக்கப்புறம் வாசல் தாண்டாத எங்கப்பா, அந்த நடையைப் பார்த்துட்டுத்தான் மறுநாள் தனியா கடைக்குப் போனாரு. டைரக்டர் மூளையே மூளை. பெரியவரே, நடையை மாத்தக் கூடாதுங்கிற இந்த மனுவுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“மூளையாவது மண்ணாவது. முதல் பாகத்துல ஹீரோவுக்குப் பதிலா கூரையிலிருந்து குதிச்சவனுக்குக் கால் முறிஞ்சுபோச்சு. அந்தக் காலோடயே ஓடி முடிச்சான். திரும்ப எடுக்க வழியில்லாம அதையே வச்சுட்டாங்க. அப்புறம்தான் ஹீரோ அந்த மாதிரி நடக்கப் பழகினாரு,” என்றார் பெரியவர்.

“கூட இருந்து பார்த்த மாதிரியே அளக்குறீங்களே,” என்று தாடிக்காரன் சிரித்தான்.

முடி வெட்டி முடிந்ததும் பெரியவர் எழுந்தார். துணியை உதறிக் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். இடது கால் இழுபட்டது. வலது தோள் இறங்கியது.

சிரிப்பு நின்றது. கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கையும் நின்றது. நான்கு பாகங்களிலும் பார்த்த அதே நடை. இருவரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். நீட்டிய மனு கண்ணாடிக்காரன் கையிலேயே இருந்தது.

“தவறி விழுந்ததுக்குப் போய் எந்திரிச்சு நிக்கிறானுங்க,” என்று முணுமுணுத்தபடி பெரியவர் தெருவில் இறங்கிப் போனார்.