மாகறல் ரோட்டு வளைவு

"தறியில பாவு இழுத்த மாதிரி நேரா வரவேண்டிய ரோடு சார். இங்க மட்டும் எப்படி வளையுது பாருங்க."

மனு போட்ட இளங்கோவன் கையை நீட்டிக் காட்டினான். பட்டணத்து ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. படிக்கிறவன். பரீட்சை பரீட்சை என்று ஒரு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. ரோட்டை வளைத்துவிட்டார்கள் என்று கூட்டாளி ஒருவன் சொன்னதைக் கேட்டு ஹாஸ்டலிலிருந்தே மனு எழுதிவிட்டான். இன்றைக்கு விசாரணை என்றதும் என்ஜினீயரின் ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். இன்னும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

ரோடு போட்ட ஓவர்சியர் கோதண்டபாணி தலைகுனிந்து நின்றார்.

"பிளான்ல நேர்கோடுதானே? யார் நிலத்தைக் காப்பாத்த வளைச்சீங்க?" என்றார் என்ஜினீயர்.

"யார் நிலத்துக்காகவும் இல்ல சார். பழைய வண்டித்தடத்து மேலயே போட்டேன்."

"அதான் ஏன்?"

கோதண்டபாணி வளைவைத் திரும்பிப் பார்த்தார்.

"காரணம் சொல்லலைன்னா உங்க வேலை போயிடும்."

"சொல்றதுக்கில்ல சார்."

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு நெல்வண்டி வந்தது. இளங்கோவனின் முகம் மலர்ந்தது. என்ஜினீயரின் காதருகே போய்ச் சொன்னான்.

"எங்கப்பா சார். மத்தவங்க மாட்டை அதும்பாட்டுக்கு வுட்டுட்டு மூட்டை மேல தூங்கிக்கினு வருவாங்க. இவரைப் பாருங்க, எப்படி நிமிர்ந்து உக்காந்துக்கினு வர்றாரு."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாடுகள் வளைவில் அழகாகத் திரும்பின. நடுரோட்டில் உறுமிக்கொண்டிருந்த ஜீப்பைக் கண்டதும் நின்றுவிட்டன.

"கடைசியா கேக்கறேன் கோதண்டபாணி. யாருக்காக வளைச்சீங்க?"

"எனக்காகத்தாங்க" என்று வண்டியிலிருந்து குரல் வந்தது.

இளங்கோவனின் அப்பா முனிசாமி சக்கரத்தைத் தடவிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார். எஞ்சின் சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார். ஜீப்பில் யாரும் இல்லை.

"பார்வை மங்கிக்கினே வந்து தீபாவளியோட சுத்தமா போயிடுச்சுங்க. இந்தத் தடம் மாடுங்களுக்குப் பழக்கம், அதுங்களே இட்டுக்கினு போவுது. ரோட்டை நேரா போட இந்தத் தடத்துலதான் மண்ணு தோண்டறதா இருந்தாங்க. தோண்டியிருந்தா வண்டியோட பள்ளத்துல வுழுந்திருப்பேன். குருடன்னு தெரிஞ்சா எவன் மூட்டை ஏத்துவான்? புள்ள படிப்பு நின்னுபோவும். வெளிய சொல்லக்கூடாதுன்னு ஓவர்சியர் ஐயாகிட்ட சத்தியம் வாங்கிக்கினேன்."

கோதண்டபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ஜினீயர் இளங்கோவனைப் பார்த்தார். அவன் அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் வாயடைத்து நின்றான்.

முனிசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தக் காலி ஜீப்பிடம் சொன்னார்:

"எவனோ மனு போட்டுட்டானாமே. என் புள்ள படிச்சவங்க. அவன் மட்டும் இங்க இருந்திருந்தா, ஐயாவுக்காக மொத ஆளா நியாயம் கேட்டிருப்பான்."