சுங்கத்தில் எடுத்துக்கொண்டது

திருச்சி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த கபிலன் மனைவியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா வரலையா?"

சங்கவிக்குப் புரிந்துவிட்டது. அவன் வேலைக்குப் போயிருந்த நாட்டில், தொழிற்சாலையில் இருந்த காலத்து நினைவு முழுக்க ஏற்றுமதிக்குத் தடைசெய்யப்பட்ட சரக்கு. கிளம்பும்போது சுங்கத்தில் எடுத்துக்கொண்டுதான் ஆளை அனுப்புவார்கள். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

போன வருடம் மாமியார் இறந்தபோது, "அவன் ஊருக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். வெளிநாட்டில் இருப்பவனிடம் சாவை மறைப்பது ஊரில் வழக்கம்தான். இவளுக்கு மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டாள். வீடியோவில் அவன் தலையிலடித்துக்கொண்டு அழுது ஓயும்வரை கூடவே இருந்தாள். அந்த அழுகையும் இப்போது சுங்கத்தோடு போயிற்று.

"வீட்டுக்குப் போயி பேசிக்கலாங்க," என்று காரில் ஏற்றினாள்.

வழியில் பையைக் குடைந்தவன், சட்டைகளுக்கு நடுவிலிருந்து அம்மாவின் படத்தை எடுத்தான். கண்ணாடிமேல் நெற்றிக்கு நேராகக் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. சுற்றிலும் வாடிய மாலை.

அவன் முகம் சிவந்துவிட்டது. "உயிரோட இருக்கறவங்க படத்துக்கு எவன்டி மாலை போட்டது?"

சங்கவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்கதாங்க."