பாதியில் நின்ற ஏச்சு

பட்டாசு ஆலை வெடித்ததில் இருளப்பனுக்குக் கைகள் வெந்து, காதும் அடைத்துப் போயிருந்தது. பக்கத்திலேயே நின்ற அவன் மனைவி குருவம்மாளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதனால் அவசர சிகிச்சைப் பிரிவில் அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புருஷனை ஏச ஆரம்பித்தாள். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வாங்கும் ஏச்சு. உதட்டைப் பார்த்தாலே போதும். ஆனால் இன்று “கூறுகெட்ட மனுசா” என்பதற்கு நடுவிலேயே உதடு நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தது, மறுபடி நின்றது.

“டாக்டரம்மா, என்னை விடுங்க, இவளைப் பாருங்க!” என்று கத்தினான். “ஏச ஆரம்பிச்சா மூச்சே விடமாட்டா. இன்னிக்கு வார்த்தைக்கு வார்த்தை நிக்கிறா.”

சிரித்துக்கொண்டே வந்த டாக்டர், குருவம்மாளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் சிரிப்பை நிறுத்தினார். வெடியின் அதிர்வு உள்ளே நுரையீரலைத் தாக்கியிருப்பதை அவனுக்குச் சைகையில் காட்டினார்.

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளும் அவள் உதடு அசைந்தது.

“பேசாம கிடடி. வீட்டுல போய் ஏசிக்கலாம்” என்றான்.

அவள் முறைத்தாள். மிச்ச ஏச்சு என்னவென்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அது அவள் வாயால் வர வேண்டுமென்று, அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.