வெள்ளையா, நீலமா?

ஜாலான் புசார் சாலையிலிருந்த வண்டிக்கடையில் இரண்டு டீசல் பிக்கப் வண்டிகளைக் கிளாரிசாவுக்குச் சுற்றிக் காட்டினார் விற்பனையாளர் இயேசுதாசன்.

"இந்த வெள்ளை வண்டி மூணு டன் இழுக்கும்மா. பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல."

"அந்த நீலம், அங்கிள்?"

குறைந்த விலையைப் பார்த்து மயங்கிவிட்டாளோ? பாவம், சின்னப் பெண். உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தார்.

"விலை கம்மிதான். ஆனா ரெண்டே வருஷத்துல நடுரோட்டுல நின்னுடும்."

"அடிக்கடி நிக்குமா?"

"அடிக்கடிதான் லா!"

"யாராச்சும் வாங்குறாங்களா?"

"எவ்வளவு சொன்னாலும் எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க!" என்று அலுத்துக்கொண்டார்.

கிளாரிசாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப எனக்கு வெள்ளையையே குடுங்க அங்கிள். ரிப்பேராகி நிக்கிற வண்டிகளை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போற தொழில் ஆரம்பிக்கப் போறேன்!"