முழுக்கைச் சட்டை

பள்ளிக்கூட மண்டபம் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் அம்பிகைபாகனுக்குப் பேச்சு தடுமாறியது.

அவர் ஒன்றும் பெரிய பேச்சாளர் இல்லை. ஓய்வு பெற்ற அரசாங்கக் கிராணி; ஆபீஸில் கணக்கெழுதியவர். மனைவி அருந்ததியை இரத்தப் புற்றுநோய் கொண்டுபோன பிறகு, தீவில் டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஃபெர்ரியும் பஸ்ஸுமாக ஏறிவிடுவார். கோயிலோ பள்ளிக்கூடமோ, நாலு பேர் கூடுகிற இடத்தில் நின்று சொல்லுவார். விடாத காய்ச்சல், ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலம். இதெல்லாம் கண்டால் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

கேட்பவர்கள் மைலோவைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்று பைராம் செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். 'அடிபடாமலே' என்று அவர் சொன்னதும் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எல்லாரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குணவதி என்பது அவள் பெயர். புடவைக்கு மேல் புருஷனுடைய வேலைச் சட்டை. சட்டென்று கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் சட்டை ஓரம் விலகி, நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு தெரிந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவளைத் தேடிப் போனார். அடுத்த வீட்டு நல்லம்மாள் குறுக்கே வந்தாள்.

"அவளுக்கு எதுக்குங்கய்யா ரத்தம் டெஸ்ட்டு? இது கள்ளுக்கடையிலேர்ந்து வர்ற சீக்கு லா. கேட்டுப் பாருங்க, படியில வழுக்கிட்டேம்பா."

குணவதியும் அப்படியேதான் சொன்னாள். சொல்லும்போது பல்லோரம் சிவந்திருந்தது. வெற்றிலை போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டார்.

வாசலில் அவள் புருஷன் முனுசாமி மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். செம்பனைக் குலை வெட்டுகிறவன், ஆள் மலை மாதிரி. வெளியே வந்த ஒருத்தர் அவன் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்பிகைபாகன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். கடவுளே, இவன் பெண்டாட்டியை அடிக்கிறவனாக இருக்கட்டும். அருந்ததி போனபின் அவர் கடவுளிடம் கேட்ட முதல் வரம் அதுதான்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் அவவுக்கு அடிக்கிறனீரோ?"

"கள்ளு குடிப்பேங்கய்யா, இல்லேங்கல. ஆனா அவ மேல கை வெச்சதே இல்ல. சொன்னா யாரு நம்புறா? பாக்குறவங்க என்னையத்தான் ஏசுவாங்கன்னு அவளே என் சட்டைய எடுத்துப் போட்டுக்கறா."

அம்பிகைபாகன் நம்பினார். அந்தத் தோட்டத்தில் முனுசாமியை நம்பிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

டத்தோ கிராமாட் வீட்டு வாசலில், அருந்ததியின் அண்ணன் தியாகராஜா இதே கேள்வியை அவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் இதே பதிலைத்தான் சொன்னார். மச்சான் நம்பவில்லை. அக்கம்பக்கமும் நம்பவில்லை. புருஷன் பெயர் கெடக்கூடாது என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தும்வரை அருந்ததி முழுக்கை ரவிக்கையைக் கழற்றவே இல்லை.

குணவதி பின்னால் வந்து நின்றாள். "விடுங்கய்யா, போறோம்" என்று அவர் விரல்களைக் கைப்பிடியிலிருந்து மெல்ல விலக்கப் பார்த்தாள்.

அவள் கை நெருப்பாகச் சுட்டது.

அம்பிகைபாகன் கைப்பிடியை விடவில்லை.