மாப்பிள்ளைக்குப் பரீட்சை

எதிர் வீட்டு பஸ் டிரைவர் தன் நாயை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

நான் அங்கே குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தினமும் காலையில் அவரும் அவர் மனைவியும் அதற்குப் பாடம் நடத்துவார்கள். மூக்குக்கு நேராக பிஸ்கட் இருந்தாலும் அவர் சொல்லாமல் வாய் வைக்காது. பூனை குறுக்கே ஓடினாலும் திரும்பிப் பார்க்காது.

"நாளைக்கு மாப்பிள்ளைக்குப் பரீட்சை. நீங்களும் வாங்க தம்பி" என்றார் டிரைவர் ஒருநாள்.

மைதானத்தில் அது அசத்தியது. நில் என்றால் நின்றது. காதருகே ஹாரன் அடித்தும் அசையவில்லை. நான் கைதட்டினேன். டிரைவரின் மனைவி மட்டும் முகம் வாடி நின்றார்.

"என்னக்கா, இவ்வளவு நல்லா செய்யுதே!"

"அதான் தம்பி பயமா இருக்கு."

கடைசியாக, அறிமுகமில்லாத ஒருவருடன் மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். பாதி வழியில் அக்காவைப் பார்த்த மாப்பிள்ளை, அந்த மனிதரையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டது. கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். ம்ஹும்.

"பெயில்!" என்றார் அதிகாரி.

நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா நாயைக் கட்டிக்கொண்டு அழுதார். டிரைவர் ஓடிப்போய் ஒரு கேக் வாங்கி வந்தார்.

"இனிமே இவன் வீட்டோட மாப்பிள்ளை!"

"பெயிலானதுக்கா அண்ணே கேக்கு?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவனை எங்ககிட்ட வளர்க்கத்தான் தம்பி கொடுத்தாங்க. பாஸாகியிருந்தா, பார்வையில்லாத ஒருத்தருக்கு வழித்துணையா இன்னைக்கே அனுப்பியிருக்கணும். தேறாத நாயை வளர்த்தவங்களே வச்சுக்கலாம்."

டிரைவர் கேக்கை வெட்டினார்.

"நாங்க ஒழுங்காத்தான் சொல்லிக் கொடுத்தோம் தம்பி. பெயிலானது முழுக்க அவன் சொந்த முயற்சி!"